ராகலை மட்டம்

கல்தொட்டித் தோட்டம், மேல் டிவிஷன்
ராகலை
2025 ஜூன் 3

பிரியந்தி,

உன் எண்ணுக்கு ஒன்பது தடவை எடுத்தேன். முதல் மூன்று தடவை நீ துண்டித்தாய். அதன் பிறகு, இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மும்மொழியிலும் சொன்னது. தமிழில் கேட்டதுதான் அதிகம் உறுத்தியது.

ஆகவே கடிதம். நோட்டனில் உன் அத்தை வீடு வரைக்கும் தபால் ஏறாது, பசாரில் இஸ்ஸதீன் நானா கடைக்குப் போட்டால் கொடுத்துவிடுவார் என்று நிஷாந்தி சொன்னாள். போகும் முன்பு என் தங்கையிடம் விலாசம் கொடுத்திருக்கிறாய். என்னிடம் இல்லை. சரி.

நீ போய் மூன்று வாரம். லொறியில் உன் பெண் குதிரை கித்துலை ஏற்றிய காலையில் நான் மேலே பள்ளிக்கூடப் படியில் நின்றேன். பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று கித்துல் அடம்பிடித்தது. நீ அதன் காதில் ஏதோ சொன்னாய். ஏறியது. நான் இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை.

கொட்டில் காலியாகக் கிடக்கிறது. துரைமார் காலத்துக் கருங்கல் தரை. நடந்தால் சத்தம் திரும்பி வருகிறது.

மனுவைப் பற்றி. அதில் நாற்பத்திரண்டு கையெழுத்து. என்னுடையது இல்லை. இதை நீ அறிய வேண்டும். ஏப்ரலில் லயத்து வீடுகள் முழுக்க ஈ. சோற்றுத் தட்டில், தொட்டில் சீலையில், பிள்ளையின் கண்ணில். நிஷாந்தியின் பிள்ளை வயிற்றோட்டத்தில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கைப்பிடி அளவு உடம்பு. அதில் ஊசிக்கு நரம்பு தேடினார்கள். குதிரைக் கொட்டிலை எடுக்கச் சொல்லி எழுது என்று லயத்து ஆட்கள் கேட்டார்கள். எழுதத் தெரிந்தவன் நான். அவர்கள் சொன்னதை எழுதினேன். "குதிரைகளால் பெருகும் ஈக்கள்" என்பது அவர்களுடைய சொல். சுகாதாரப் பரிசோதகர் பதினான்கு நாளில் எடுக்கச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனுக்கள் வழக்கமாக எங்கும் போய்ச் சேர்வதில்லை.

இழுப்பறையில் உன் துண்டுப்பிரசுரம் ஒன்று அகப்பட்டது. போன வருடச் சீசனுக்கு உன் மட்டக் குதிரைகளுக்கென்று நாம் அடித்தது. "ராகலை மட்டம். கொழுந்துச் சாக்கு சுமக்கும். மரக்கறி வண்டி இழுக்கும். லேக் ஓரம் பிள்ளைகளை ஏற்றிப்போகும். நடக்க முடியாத பிள்ளைக்குக் காலாக நிற்கும். எல்லாம் ஒரே குதிரை." மூன்று தலைமுறையாக ஒரே குணம் என்று போடச் சொன்னாய். பெரிய பாதிரி ஒரு தலைமுறை, அதன் மகன் பாதிரி இன்னொன்று, அவ்வளவுதானே, பொய் எழுத மாட்டேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ.

மூன்றாவது, பாதிரியின் குட்டி, கித்துலின் வயிற்றில். மூன்று தலைமுறை ஒரே மாதிரி வந்தால் இதை ஓர் இனமென்று பதியப் பேசலாம் என்று கால்நடை டொக்டர் சொன்னதை நீ நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தாய். குட்டி ஆகஸ்ட் கடைசியில் என்றாய். கித்துல் எப்படி இருக்கிறது?

ஈ இன்னும் குறையவில்லை. இதைச் சொல்லாமல் முடிக்கத்தான் நினைத்தேன்.

கிஷாந்த்

*

மே/பா. இஸ்ஸதீன் ஸ்டோர்ஸ்
நோட்டன் பிரிட்ஜ்
2025 ஜூன் 14

பட்டதாரி கிஷாந்துக்கு,

இஸ்ஸதீன் நானா உன் கடிதத்தைச் சீனி மூட்டை மேல் ஐந்து நாள் வைத்திருந்தார். கொடுக்கும்போது, "புள்ள, யாரு இது? எழுத்து அச்சு மாதிரி ஈக்கிதே" என்றார். பெட்டிசம் எழுதுகிற ஆள், நானா, என்றேன்.

யார் எழுதியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒப்பிஸில் பெட்டிசத்தின் கொப்பியைக் காட்டினார்கள். முதல் வரி பார்த்ததும் தெரிந்தது. என் பிரசுரத்தை எழுதிய அதே கை. நாற்பத்திரண்டு பேரில் உன் பெயரைத் தேடினேன், மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. உன் அப்பா மாயாண்டி மாமா பெயர் நான்காவது. உன் பெயர் இல்லை. அது பெருமை என்று நினைக்கிறாய் போல. பெயரைப் போட்டிருந்தால் வந்து உன் சட்டையைப் பிடித்திருப்பேன். சண்டை போட்டு முடித்திருப்போம். பெயரில்லாதவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஈயைப் பற்றி எனக்கே சொல்கிறாய். காலையில் பெரட்டுக்கு, வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் போகும் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சாணம் அள்ளினேன். கழிவுத் தண்ணீர் ஓடும் கானில் சுண்ணாம்பு போட்டேன். சாணக் குவியல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கறுப்புப் பொலித்தீன் மூடி, ஓரத்துக்குக் கல் வைத்து. உள்ளே சூடேறினால் புழு பிழைக்காது. கருவாட்டுத் தலையும் சீனித் தண்ணீரும் போட்டுப் பன்னிரண்டு போத்தல் தொங்கவிட்டேன். மானாப்புல் புகை போட்டேன். கிழிந்த கொழுந்துச் சாக்கு வலையை வெட்டிக் குதிரைக்குக் கண்மூடி தைத்தேன். ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தது நீ. மறந்திருக்க மாட்டாய்.

கித்துல் இருக்கிறாள். அத்தையின் பழைய மாட்டுக் கொட்டகையில். தரை மண். இங்கே மழை விடுவதே இல்லை. மேலே தகரம் ஒழுகுகிறது, கீழே ஊறுகிறது. அவளுக்குப் படுக்க இடமில்லை, நின்றே தூங்குகிறாள். இங்கே ஈ கடிக்கிற ஈ. வயிற்றின் அடியில் உட்காரும். நான் ஈர்க்குக் கட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

பாதிரியை இங்கே கட்ட இடமில்லை. லேக் பக்கம் சவாரி விடுகிற அப்ராஸிடம் விட்டிருக்கிறேன். கொட்டகை ஒன்று கிடைத்ததும் கூட்டிவர வேண்டும்.

பிள்ளைக்கு இப்போது சுகமா? அதை மட்டும் எழுது.

பிரியந்தி

*

கல்தொட்டித் தோட்டம்
2025 ஜூன் 22

பிரியந்தி,

பிள்ளை நலம். பல் முளைக்கிறது. என் விரலைக் கடிக்கிறது.

உன் கடிதம் தோட்ட ஒப்பிஸுக்கு வந்து கிளாக்கர் ஐயா கையால் கிடைத்தது. ஓரம் ஒட்டிய விதம் சரியில்லை. அவரும் வாசித்திருக்கலாம். வாசிக்கட்டும்.

உன் போத்தல்கள் கொட்டிலின் மூலையில் இருந்தன. பன்னிரண்டும். நீ சொல்லித் தந்தது போலவே கருவாட்டுத் தலை, சீனித் தண்ணீர். பன்னிரண்டு இடத்தில் தொங்கவிட்டேன். கொட்டில் வாசலில் இரண்டு. ஆற்றோரம், உன் சாணக் குவியல் இருந்த இடத்தில் இரண்டு. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒன்று. லயத்து முற்றத்தில் மூன்று. லயத்துக்குப் பின்னால், மரக்கறிக் காணிகளின் வேலியில் நான்கு.

மூன்று நாள்.

கொட்டிலில் ஆறு ஈ. ஆற்றோரம் அதுவும் இல்லை. காணி வேலியில் நான்கு போத்தலும் கழுத்துவரை. டஸ்ட் தேயிலை நிரப்பியது போல. அப்பாவின் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் இருந்ததுதான் முதலில் நிரம்பியது. அங்கே கோழி எரு மூட்டைகள் வாய் திறந்து கிடக்கின்றன. பதினைந்து குடும்பமும் அதைத்தான் போடுகிறது. மழையில் ஊறி, புழுத்து.

குதிரைகள் போய் ஒன்றரை மாதம். ஈ இங்கேயே இருக்கிறது.

இதை முன்பே தெரிந்திருந்தால்.

அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். விட்டுவிடுகிறேன்.

பாதிரியைப் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. அப்ராஸ் நன்றாகத் தேய்த்து வைத்திருக்கிறார். கழுத்து வெள்ளை பளிச்சென்று, பூசைக்குப் புறப்பட்ட பாதிரியாரைப் போல. ஒரு சிங்களக் குடும்பத்தின் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக ஏற்றியது. அமைதியாக நின்றது.

கொட்டில் தரையைத் தொட்டுப் பார்த்தேன். ஜூன் மழையிலும் காய்ந்து இருக்கிறது. கித்துல் இங்கே இருக்க வேண்டியது.

கிஷாந்த்

*

நோட்டன் பிரிட்ஜ்
2025 ஜூலை 1

கிஷாந்த்,

"இதை முன்பே தெரிந்திருந்தால்."

இந்த வரியை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் புள்ள, தெரியாம செஞ்சிருக்கான்" என்றார்.

மார்ச் மாதம். கோழி எரு லொறி வந்து இரண்டாம் நாள். வேலிக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டேன். உங்கள் பாத்தி ஓரத்து மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்துக் காட்டினேன். நீ ஒரு குச்சியால் கிளறினாய். உள்ளே வெள்ளைவெள்ளையாகப் புழு. "ஐயோ, சோறு மாதிரி இருக்கு" என்றாய். வாந்தி வருவது போல முகம் வைத்துக்கொண்டாய், நான் சிரித்தேன். இன்னும் இரண்டு வாரத்தில் இது எல்லாம் பறக்கும், மூடி வைக்கச் சொல்லு, இல்லாவிட்டால் என் குதிரைகள் மேல்தான் பழி வரும் என்றேன். "அப்பாகிட்ட சொல்றேன்" என்றாய். குச்சியை ஆற்றில் எறிந்தாய்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டிசம்.

உனக்குப் பன்னிரண்டு போத்தல் எதற்கு?

இங்கே நிலைமை. வெள்ளிக்கிழமை கித்துல் வழுக்கிப் பின்காலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அத்தையும் சாக்கைப் போட்டுத் தூக்கினோம். காட்டுப் புல்லை வெட்டி வந்து தரையில் போடுகிறேன், ஒரு நாளில் அழுகுகிறது. ஹட்டனிலிருந்து வந்த டொக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். குட்டி உயிரோடு இருக்கிறது, உதைக்கிறது. இந்த மாதத்துக்குள் காய்ந்த தரைக்குக் கொண்டுபோக வேண்டும், இன்னொரு தடவை வழுக்கினால் தான் பொறுப்பில்லை என்றார். காய்ந்த தரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், தொட்டுப் பார்த்திருக்கிறாயாம்.

இன்னொன்று. பாதிரி உன் குரல் கேட்டால் கனைக்கும். எப்போதும். பொட்டைக் குதிரை வழியில் போனால் கொட்டிலையே பெயர்க்கும். நீ "அமைதியாக நின்றது" என்று எழுதியிருக்கிறாய். அவன் எப்போது அமைதியாக நின்றான்?

இனி எழுதாதே. எழுதினால் உள்ளதை எழுது.

பிரியந்தி

*

கல்தொட்டித் தோட்டம்
2025 ஜூலை 9

பிரியந்தி,

உள்ளதை.

ஏப்ரல் இருபத்து நான்கு. கோயிலடி. பிள்ளையை அன்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். தோட்டத் தலைவர், அப்பா, இருபது பேர் போல. "எழுது தம்பி, நாலு எழுத்து படிச்சவன் நீதானே" என்றார் தலைவர். எழுதினேன். முதல் வரைவில் இரண்டு பந்தி இருந்தது. முதலாவது கொட்டில். இரண்டாவது கோழி எரு. எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அப்பா கேட்டார். "அந்த ரெண்டாவது என்னத்துக்கு?"

"அதுலதாம்ப்பா புழு இருக்கு."

"எருன்னா புழு இல்லாமயா? அத எழுதினா நாளைக்கே லொறிய மறிச்சிருவானுங்க. அப்புறம் லீக்ஸ எங்க, உந்தலையிலயா நடுறது?"

சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "குதிரைக்கு ஓட்டு இல்லடா, குதிரைய எழுது" என்றார். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நீ அறிய வேண்டும்.

"அந்தப் புள்ள ஒத்த ஆளு. நாம நாப்பது குடும்பம்" என்றார் தலைவர். அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

இரண்டாவது பந்தியை அடித்தேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். மனு மெலிந்துபோனதாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்து முதலாவது பந்தியைச் செப்பனிட்டேன். அவர்கள் "குதிர ஈ" என்றுதான் சொன்னார்கள். "குதிரைகளால் பெருகும் ஈக்கள்" என்பது என்னுடையது. அந்தத் தொடர் நன்றாக விழுந்திருக்கிறது என்று அன்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். பிறகு சிங்களத்தில் பெயர்த்தேன், அதுவும் நன்றாக வந்தது.

காலையில் கையெழுத்து வாங்க வந்தார்கள். நீயும் போடு என்றார்கள். எழுதியவன் போடக் கூடாது, சட்டப்படி சரியில்லை என்றேன். அப்படி ஒரு சட்டமும் இல்லை.

மார்ச்சில் அப்பாவிடம் சொல்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். சொல்லவில்லை. அவர் அன்று களைத்து வந்திருந்தார். மறுநாளும் களைத்து வந்தார்.

பாதிரி. அப்ராஸ் நானா அதைக் காயடித்துவிட்டார். நீ கொண்டுபோய் விட்ட பத்தாம் நாளே. "சின்னப் புள்ளயள ஏத்துற குதுர தம்பி. பொட்டக் குதுரயக் கண்டா நிக்கிதில்ல. ஒரு புள்ள உழுந்தா நான் என்ன செய்ற? அந்தத் தங்கச்சிக்குச் சொல்லப் பாத்தேன், போன் வேல செய்யுதில்ல" என்றார். உன் எண் வேலை செய்யாததற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் போய் நின்றேன். அது என்னைப் பார்த்தது. கனைக்கவில்லை. பிறகு புல்லைப் பார்த்தது. ஊருக்கு வந்து உனக்கு "நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன்.

அப்படியென்றால் கித்துலின் வயிற்றில் இருப்பதுதான் மிச்சம். இதை எழுதும்போதுதான் எனக்கே முழுதாக விளங்குகிறது.

இன்னொரு மனு எழுதப் போகிறேன். இரண்டாவது பந்தியோடு. முடிந்தால் அந்தப் பந்தி மட்டும்.

கிஷாந்த்

*

நோட்டன் பிரிட்ஜ்
2025 ஜூலை 16

கிஷாந்த்,

பாதிரியைப் பற்றி வாசித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். கித்துல் என் தோளில் தலையை வைத்தாள். பாரம். அப்படியே நின்றோம்.

அப்ராஸ் நானாவைக் குறை சொல்ல முடியாது.

எழுது. உன் பெயரை முதலில் போடு. யாரும் போடாவிட்டாலும் கொண்டுபோய்க் கொடு. எனக்காக இல்லை. அவளுக்குத் தரை வேண்டும்.

ஜூலை முடிய இன்னும் பதினைந்து நாள்.

பிரியந்தி

*

கல்தொட்டித் தோட்டம்
2025 ஆகஸ்ட் 4

பிரியந்தி,

கிடைத்துவிட்டது. அதை முதலில் சொல்கிறேன். இம்மாதம் பத்தாம் திகதி முதல் குதிரைகளைக் கொட்டிலுக்குக் கொண்டுவரலாம். சுகாதாரப் பரிசோதகரின் கடிதம், அதன் கீழே தோட்ட மெனேஜரின் கையெழுத்து. இரண்டு கொப்பி எடுத்தேன். ஒன்று இத்தோடு இருக்கிறது.

தாமதத்துக்கு என்னை மன்னிக்க வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மனுவின் தலையில் என் பெயர், அடையாள அட்டை இலக்கம். "முதல் மனுவை எழுதியவன் நான். அதில் நான் அறிந்த ஓர் உண்மையை மறைத்தேன்." இப்படித்தான் தொடங்கியது. நன்றாக வந்ததா என்று திரும்ப வாசிக்கவில்லை.

கையெழுத்துக்கு நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போனேன். நாற்பது வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நிஷாந்தி போட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போட்டாள், அது பேனையைப் பிடுங்கியது. கடைசி வீட்டு வீரம்மா அக்கா போட்டார். "நானும் அந்தப் பெட்டிசத்துல ஒப்பம் வச்சவதான் தம்பி. குதிரக்காரப் புள்ள எங்கொழுந்துச் சாக்கத் தூக்கிட்டு வந்து குடுத்துச்சு, எத்தன நாளு. அத நெனச்சும் வச்சேன். எல்லாரும் வச்சாங்கன்னு வச்சேன்" என்றார். அழவில்லை. முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டே சொன்னார்.

மூன்று பெயர். கொண்டுபோனேன். முதல் தடவை பரிசோதகர் இல்லை. இரண்டாம் தடவை விடுமுறை. மூன்றாம் தடவை காலை எட்டிலிருந்து வாசலில் இருந்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தார். முதல் மனுவையும் எழுதியது நீதானா என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் வந்தார். போத்தல்களைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். பச்சை எரு இனி வரக் கூடாது, இருப்பதைப் பொலித்தீன் போட்டு மூடி மக்க வைக்க வேண்டும், மீறினால் வழக்கு என்றார். பதினைந்து குடும்பமும் பார்த்து நின்றது. "நம்ம சோத்துலயே மண்ணப் போட்டுட்டான், படிச்ச நாயி" என்று ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்த குரல்.

அப்பா பேசுவதில்லை. தட்டை வைக்கிறார், எடுக்கிறார். நேற்று காலை எழுந்து பார்த்தால் எங்கள் மூட்டைகள் மூடியிருந்தன. கறுப்புப் பொலித்தீன், ஓரத்துக்குக் கல். நீ மூடுவது போலவே. உன் குவியலை அவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை.

கொட்டிலைக் கழுவிவிட்டேன். கானுக்குச் சுண்ணாம்பு. வைக்கோல் இரண்டு கட்டு. லொறிக்குச் சொல்லியிருக்கிறேன், பத்தாம் திகதி விடிய வந்துவிடும். இம்முறை நான் கூட வருவேன், கித்துலின் பக்கத்தில் நின்றுகொண்டு.

கொழுந்துச் சாக்கு வலை மிச்சம் இருந்தது. குட்டிக்கு ஒரு கண்மூடி தைத்தேன். அளவு தெரியவில்லை. நிஷாந்தியின் பிள்ளையின் தலையில் வைத்துப் பார்த்துத் தைத்தேன். அது சிரித்தது.

கிஷாந்த்

*

நோட்டன் பிரிட்ஜ்
2025 ஆகஸ்ட் 8

கிஷாந்த்,

உன் கடிதம் இன்று கிடைத்தது. இஸ்ஸதீன் நானா இந்தத் தடவை வைத்திருக்கவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து கொடுத்தார். கவரில் ஒப்பிஸ் முத்திரை இருந்ததால் நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

லொறியை நிறுத்திவிடு. தபால் பத்தாம் திகதிக்கு முன் வந்து சேராது, இதை ராகலைக்குப் போகிற ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலாம் திகதி அந்தி நேரம் கித்துல் மறுபடி வழுக்கினாள். இந்தத் தடவை பக்கவாட்டில், முழு உடம்போடு. இரண்டாம் திகதி விடியும்போது குட்டி வந்துவிட்டது. கிட்டத்தட்ட நான்கு வாரம் முந்தி. டொக்டர் வரும்போது ஒன்பது மணி. செய்ய முடிந்ததைச் செய்தார்.

ஆண் குட்டி. என் முழங்கால் உயரம் வந்திருக்கும், நின்றிருந்தால். நிற்கவில்லை. எழும்பப் பார்த்தது, மூன்று தடவை. நான்காம் தடவை முன்கால் இரண்டும் ஊன்றிவிட்டது. அந்தத் தரையில் அதற்கு மேல் முடியவில்லை. பால் கறந்து துணியில் நனைத்து வாயில் வைத்தேன். உறிஞ்சியது, கொஞ்சம்.

பகல் முழுக்க ஈ. கண்ணில்தான் உட்காரும், ஈரம் இருக்கிறதே. மடியில் அதன் தலை, எழுந்து போய் எதையும் எடுக்க முடியாது. கைக்கு எட்டியது பெட்டியில் மிஞ்சிய உன் பிரசுரக் கட்டுத்தான். அதால் விசிறிக்கொண்டிருந்தேன். மூன்று மணி வரைக்கும். அதன் பிறகும் கொஞ்ச நேரம் விசிறினேன்.

கித்துல் வருவாள், நடக்க முடிந்ததும். பின்கால் இன்னும் தாங்கவில்லை. அந்தத் தரை அவளுக்கு வேண்டும். காய்ந்தபடியே வைத்திரு. நான் வருவேனா என்று தெரியவில்லை. மாயாண்டி மாமாவிடம் ஒன்று சொல்லு, பேசாவிட்டாலும் சொல்லு: பொலித்தீன் போட்டால் வாரத்துக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடு எல்லாப் பக்கமும் ஏறாது. வீரம்மா அக்காவுக்கு நான் கோபமில்லை என்று சொல்லு.

கண்மூடியை அனுப்பாதே.

குட்டியைக் கழுவித்தான் புதைத்தேன். சேறு போனதும் தெரிந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளை. பெரிய பாதிரிக்கு இருந்த அதே இடம், அதே அகலம், பின்பக்கம் கொஞ்சம் ஒடுங்கி. குணமும் அதேதான். அவ்வளவு வலியிலும் ஒரு தடவைகூட என்னை உதைக்கவில்லை.

நீ எழுத மாட்டேன் என்ற வரியை இனி எழுதலாம். மூன்று தலைமுறை. பொய் இல்லை. நான் பார்த்தேன்.

பிரியந்தி